அடி எது, நுனி எது

எங்கள் ஊர் கமிதானியில் பத்தொன்பது வீடுகள். அத்தனை வீட்டிலும் என் தம்பி தமோட்சுவின் கை பட்ட பொருள் ஏதாவது ஒன்று உண்டு. மூன்று வீடுகளில் குளியலறை, ஐந்தில் விறகுக் கொட்டகை, ஒன்றில் மாடிப்படி, மீதி பத்திலும் கோழிக்கூண்டு. வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஒரு நாள் வீடுவீடாக நடந்துபோய் எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

கோழிக்கூண்டுக் கணக்கு கூடிப்போனதால் அவனுக்குக் 'கோழிக்கூண்டு' என்றே பெயர் விழுந்துவிட்டது. பெயர் வைத்தவர் இவாகுரா ஐயா. எங்கள் ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர்களில் மூத்தவர். நல்ல மனுஷர், ஆனால் வாய் சும்மா இருக்காது.

தமோட்சுவுக்கு நான் எட்டு வயது மூத்தவள். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. பள்ளிக்கூடம் எனக்கு ஒன்பது வருஷத்தோடு முடிந்தது. பிறகு நூற்பாலை, பிறகு வீடு. அவனுக்கு எழுத்துப் பழக்கியது நான்தான். அதில் மட்டும் தோற்றுவிட்டேன். அவன் எழுத்து காக்கை சேற்றில் நடந்த மாதிரி இருக்கும். என் எழுத்து அப்படி இல்லை. திருவிழா விளக்குகளில் பத்தொன்பது வீட்டுப் பெயரையும் இன்றுவரை தூரிகையால் எழுதுகிறவள் நான்.

அவனுடைய படிப்பெல்லாம் கோயிலின் தரைக்கடியில் நடந்தது. வயலின் நடுவே ஒற்றையாக நிற்கும் கல் தோரண வாசலைத் தாண்டி, வரப்பில் நூறு அடி வைத்தால் மலையடிவாரம். அங்கிருந்து நாற்பத்து மூன்று படிகள். தேவதாரு மரங்கள் இரண்டு பக்கமும் நெருக்கி நிற்பதால் நடுப்பகலிலும் படிப் பாசி காயாது. மேலே போனால் ஒரு காது உடைந்த கல் நாயும் காது உடையாத கல் நாயும் காவல். அதற்குப் பிறகு தொழும் மண்டபம். மண்டபத்துக்குப் பின்னால், உயரமான கால்களின் மேல், கத்தரி விரித்த மாதிரிக் கூரை முனையோடு சாமியின் சின்ன வீடு. அதன் கதவைத் திறந்து பார்த்தவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

மற்ற பிள்ளைகள் மணிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கி விளையாடும்போது இவன் மண்டபத்துத் தரைக்கடியில் புகுந்துவிடுவான். ஆறு வயதில் ஒரு தடவை தலையெல்லாம் சிலந்திவலையோடு வெளியே வந்து என் கையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா, தூணை மண்ணுல நடவே இல்ல. கல்லு மேல சும்மா நிக்குது!"

"சும்மா நின்னா விழுந்துடாதா?"

"விழாது. கல்லு எப்படிக் கோணலா இருக்கோ அப்படியே தூணோட அடியையும் செதுக்கிருக்காங்க. செருப்புக்குள்ள கால் போன மாதிரி இருக்கு. வந்து பாரேன்."

நான் போய்ப் பார்க்கவில்லை. அன்று துவைத்த உடை போட்டிருந்தேன்.

அவனுக்கு முப்பத்தெட்டு வயதானபோது அந்தத் தூண்களில் ஒன்று கெட்டுப்போனது. மண்டபத்தின் முன்கூரை படிகளுக்கு மேல் நீண்டு வந்திருக்கும். அதை வலது பக்கம் ஒரு தூணும் இடது பக்கம் ஒரு தூணும் தாங்குகின்றன. வலது தூணுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹினோகி மரம் இருந்தது. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் அடித்த சூறாவளியில், கூரையை ஒரு கை அகலத்தில் தப்பவிட்டு அது சாய்ந்தது. மரம் இருந்தவரை மலையிலிருந்து வரும் சாரலைத் தானே வாங்கிக்கொண்டது. அது போனபின் சாரல் நேரே தூணில் அடித்தது. ஜூன் மாதம் ஊரே சேர்ந்து புல் வெட்டப் போனபோது தமோட்சு அந்தத் தூணின் அடியைக் கட்டைவிரலால் அமுக்கினான். விரல் முதல் கணு வரை உள்ளே போனது.

ஊர்க் கூட்டம் கூடியது. வெளியூரிலிருந்து கோயில் ஆசாரிகளைக் கூப்பிடுவது என்றுதான் பேச்சு தொடங்கியது. தமோட்சு எழுந்து, தானே செய்வதாகச் சொன்னான்.

இவாகுரா ஐயா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "கோழிக்கு வீடு கட்டறவன் சாமி வீட்டுக்குத் தூண் வைக்கறதா? நாளைக்கு சாமி முட்டை போட்டா யாருப்பா பதில் சொல்றது?"

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே சொன்னான்: "முட்டை போட்டா மொத முட்டை உங்க வீட்டுக்குத்தான் ஐயா."

அப்புறம் மடித்து வைத்திருந்த தாளை விரித்தான். மண்டபத்தின் ஒவ்வொரு தூணும், ஒவ்வொரு கல்லும், விட்டத்தின் நாக்கு எந்தத் துளைக்குள் எவ்வளவு போகிறது என்பதும், ஜாக்கியை எங்கே கொடுத்தால் கூரை நோகாமல் எழும்பும் என்பதும் அதில் இருந்தன. முப்பது வருடமாக மனதில் வைத்திருந்த படம். யாரும் சிரிக்கவில்லை.

"சரி," என்றார் இவாகுரா ஐயா. "அக்டோபர் பதினஞ்சு திருவிழா. அதுக்குள்ள தூண் நிக்கணும். கெடுத்தேன்னா, இனிமே கோயில்ல ஒரு ஆணி அடிக்கக்கூட நீ மேல ஏறி வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

சாய்ந்த ஹினோகியைத் தூண் அளவுக்கு இரண்டாக அறுத்து அவன் கொட்டகையில்தான் உலர வைத்திருந்தார்கள். ஒன்றில் மருந்துக்குக்கூடக் கணு இல்லை. மற்றதில், நெஞ்சு உயரத்தில், கறுப்பு வளையம் போட்ட ஒரு கணு, கண் விழித்துப் பார்ப்பது போல் இருந்தது. கணு இல்லாததை அவன் எடுத்துக்கொண்டான். ஆகஸ்டில் இழைத்தான். இழைப்புளியிலிருந்து வந்த சுருளை நான் செய்தித்தாள் மேல் விரித்துப் பார்த்தேன். அடியிலிருந்த தேதியை அப்படியே படிக்க முடிந்தது.

இழைத்த தூணைக் கை அழுக்கு படாமல் தாளால் சுற்றிக் கட்டிவிடுவது வழக்கம். வேலை முழுதும் முடிந்து தூண் நின்ற பிறகுதான் தாளைப் பிரிப்பார்கள். துளை போடுவதுகூடத் தாளோடுதான். அதனால் எது அடி, எது நுனி என்று தாளின் மேல் எழுதி வைக்க வேண்டும். மலையில் வேர் இருந்த பக்கம் கோயிலிலும் கீழேதான் இருக்க வேண்டும். தலைகீழாக வைத்த தூண் முனகும், அந்தக் கூரைக்குக் கீழே நிம்மதி தங்காது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. கோழிக்கூண்டின் கால்களைக்கூடத் தமோட்சு அடி நுனி பார்த்துத்தான் நிறுத்துவான். இந்தத் தூணிலும் ஒரு முனையில் 'அடி' என்று தன் காக்கைக்கால் எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, மூன்று நாள் வேலையாகப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போனான்.

அந்த மூன்று நாளும் நல்ல மழை. அவன் கொட்டகை ஒழுகியது.

"ஊருக்கெல்லாம் கூரை போடுவாரு. சொந்தக் கூரையை மட்டும் பாக்க மாட்டாரு," என்று தலையில் அடித்துக்கொண்டாள் அவன் மனைவி கினுயோ.

தூணைச் சுற்றியிருந்த தாள் நனைந்து சுருங்கியிருந்தது. நான் கையை இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்து ஈரத் தாளைப் பிரித்தெடுத்தேன். நானும் கினுயோவும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கி, காய்ந்த பக்கமாகக் கொண்டுபோய் வைத்தோம். வாசலில் இடித்ததால் வெளியே கொண்டுவந்து, திருப்பி உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. புதுத் தாள் வாங்கி, மடிப்பு சுருங்காமல் சுற்றி, ஒரே இடைவெளியில் ஏழு முடிச்சுப் போட்டேன். வாசல் பக்கத்து முனையில், முன்பு இருந்தது போலவே, தூரிகையால் 'அடி' என்று எழுதினேன். மையைக் காயவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

திரும்பி வந்த தமோட்சு தாளைப் பார்த்து, "என்ன அக்கா, கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதி வச்சிருக்க?" என்றான்.

"உன் எழுத்தைப் பாத்தா சாமிக்குக் கோபம் வரும். அதான்."

செப்டம்பர் முழுவதும் துளையும் நாக்கும் வெட்டினான். அக்டோபர் மூன்றாம் தேதி ஜாக்கி கொடுத்துக் கூரையை ஒரு விரல் கனம் தூக்கினார்கள். பழைய தூண் வெளியே வந்தது. புதிய தூணின் அடியைக் கல்லின் மேடு பள்ளத்துக்கு ஏற்பச் செதுக்க இரண்டு நாள் ஆனது. ஐந்தாம் தேதி மாலை கூரை இறங்கித் தூணின் மேல் உட்கார்ந்தது. ஒரு சத்தம்கூட இல்லை.

ஊரே படிகளில் நின்றது. தமோட்சு மண்டபத்துப் பக்கமாக நின்று தாளைப் பிரித்தான். இழைத்த மரத்தின் வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்தது. இவாகுரா ஐயா தூணை மேலிருந்து கீழே தடவினார்.

"யப்பா! பொண்ணு கன்னம் மாதிரி இருக்கு. இனிமே கோழின்னு வாயைத் தொறந்தா என்னைக் கேளு."

நான் அந்த வார்த்தைக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். எல்லாருக்கும் சாக்கே மது ஊற்றிக் கொடுத்தார்கள். தமோட்சு மட்டும் கிண்ணத்தை வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்றான். தூணின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை மண்டபத்தைத் துடைப்பது என் முறை. தரையைத் துடைத்துவிட்டு, பிழிந்த துணியால் இடது தூணின் உள்பக்கத்தைத் துடைத்தேன். பழைய மரத்தின் ரேகை, மூங்கில் குருத்து மண்ணைப் பிளந்துகொண்டு வருவது போல, ஒன்றுக்குள் ஒன்றாகக் கூர்மையாக மேலே ஏறிப் போனது. வலது தூணுக்கு வந்தேன். அதே மாதிரிக் குருத்துகள். ஆனால் கூர் எல்லாம் தரையைப் பார்த்திருந்தது.

துணி என் கையிலேயே நின்றது. மற்ற மூன்று பக்கமும் பார்த்தேன். நேர்நேரான கோடுகள்தான், அவற்றில் யாருக்கும் எதுவும் தெரியாது. கும்பிட வருகிறவர்களுக்குத் தெரியாத இந்த ஒரு பக்கம் மட்டும்தான் காட்டிக்கொடுத்தது. தூண் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

நாற்பத்து மூன்று படிகளையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவன் கொட்டகையில் உளி தீட்டிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் கையை நிறுத்தினான்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"எனக்கு நேத்து தாளைப் பிரிக்கும்போதே தெரிஞ்சுது."

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "தமோட்சு, உள்பக்கம்தானே? யாருக்குத் தெரியப்போகுது? இவாகுரா ஐயாவுக்குக் கண்ணாடி போட்டாலே பாதிதான் தெரியும். மண்டபத்தைத் துடைக்கறது நானு. நான் சொல்ல மாட்டேன்."

இப்படி நான் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஊர் முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்திருந்தது. அதை ஒரு நாளில் பறிகொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"எனக்குத் தெரியுமே, அக்கா," என்றான். "மணி அடிக்கற ஒவ்வொரு தடவையும் தெரியும்."

"எப்படிடா ஆச்சு?"

அவன் உளியின் முனையைப் பார்த்தான். "நான் மரத்தைப் பாத்திருக்கணும். பாக்காம வெட்டிட்டேன். விடு. இன்னிக்குச் சாயங்காலம் கூட்டத்துல சொல்லிடறேன்."

மறுபடி உளியைத் தீட்டத் தொடங்கினான். நான் கினுயோவைத் தேடிச் சமையலறைக்குப் போனேன். அவள் அலமாரித் தட்டுக்குத் தாள் விரித்துக்கொண்டிருந்தாள். அது நான் எழுதிய தாள்.

"இதை உடனே அடுப்புல போடுன்னு நேத்துச் சொன்னாரு," என்றாள். "இவ்வளவு அழகான எழுத்தை எரிக்க மனசு வரல அக்கா. அன்னிக்கு மழையில எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதினீங்க! நீங்க அந்த முனை, நான் இந்த முனை, வாசல்ல இடிக்குதுன்னு வெளிய வந்து ஒரு சுத்து சுத்தி..."

அவள் பேச்சு பாதியில் நின்றது. கையிலிருந்த தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாங்கள் தூக்கியபோது வாசல் பக்கம் இருந்தது அடி. திருப்பி வைத்த பிறகு வாசல் பக்கம் வந்தது நுனி. நான் வாசலை நினைவு வைத்துக்கொண்டேன், மரத்தை விட்டுவிட்டேன்.

அந்தத் தாளை எரிக்கச் சொன்னது எதற்கு என்று அப்போது புரிந்தது. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. என்னிடமே சொல்லப் போவதில்லை.

தாளை மடித்து இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு மாலைக் கூட்டத்துக்குப் போனேன். தமோட்சு எழுந்து ஒரே மூச்சில் சொன்னான்: "தூணைத் தலைகீழா வச்சுட்டேன். என் தப்பு. எடுத்துட்டு, இருக்கற இன்னொரு மரத்துல புதுசா செஞ்சு வைக்கறேன். திருவிழாவுக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு."

பிறகு இவாகுரா ஐயா தொண்டையைச் செருமினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பேசியது வேறு.

"கிழக்கே ஒரு பெரிய கோயில்ல வேணும்னே ஒரு தூணைத் தலைகீழா வச்சிருக்காங்களாம். வேலை குறையில்லாம முடிஞ்சா கண்ணு பட்டுடுமாம். என் மருமகன் போட்டோகூட எடுத்துட்டு வந்தான். நம்மளும் அப்படித்தான் வச்சோம்னு சொல்லிட்டாப் போச்சு. என்னப்பா?"

எல்லார் முகமும் மலர்ந்தது. எனக்கும் அதைப் பிடித்துக்கொள்ளலாமே என்று ஒரு நிமிடம் தோன்றியது.

தமோட்சு மறுத்துத் தலையை ஆட்டினான். "அவங்க தெரிஞ்சு வச்சாங்க ஐயா. நான் தெரியாம வச்சேன். ரெண்டும் ஒண்ணாகாது."

"அப்ப சம்மதம்னு நீ சொன்னதையும் மறந்துடலயே? கெடுத்தா மேல ஏறக்கூடாது."

"மறக்கல. இந்தத் தூணை மட்டும் சரி பண்ண விடுங்க. அப்புறம் ஏறல."

நான் எழுந்தேன். தாளை நடுவில் விரித்தேன். "அடின்னு எழுதினது நான். தப்பான முனையில எழுதினதும் நான்."

"அக்கா, உக்காரு."

"நீ உக்காருடா."

"தாளை நம்பினது நான்தானே? மரத்தைப் பாக்கற ஆளு மரத்தைப் பாக்கணும்."

"எழுதினது சரியா இருந்திருந்தா நம்பினதும் சரியா இருந்திருக்கும்!"

இவாகுரா ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளுக்கு மேல் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எழுத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது, யசுயே," என்றார் என்னிடம். "இடம்தான் தப்பு." பிறகு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "தப்பு என்னுது என்னுதுன்னு இழுத்துக்கற ஆளுங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன். வெளிய போய் ஒரு முடிவுக்கு வாங்க. இங்க டீ ஆறுது. ஒம்பது நாள்ல முடியுமாடா?"

"எட்டு நாள்ல முடிப்பேன்."

"முடியலன்னா?"

"திருவிழா அன்னிக்குத் தூணுக்குப் பதிலா நானே கூரையைத் தாங்கிட்டு நிக்கறேன்."

"சாமி பயந்துக்கப் போகுது. போய் வேலையைப் பாரு."

மேலே ஏறுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

கணு வைத்த மரத்தை இழைத்தான். இந்தத் தடவை தாள் சுற்றவில்லை. நான் காலையில் சோற்றுருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும் கொண்டுபோய்க் கொட்டகை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். உள்ளே எதையும் தொடவில்லை. பதிமூன்றாம் தேதி தூணைக் கல்லின் மேல் நிறுத்தினார்கள். அடியைச் செதுக்க, தூக்கினான், இறக்கினான், கல்லில் தடவிய மை மரத்தில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தான், மறுபடி தூக்கினான். பதினேழு தடவை. தரைக்கடியில் கிடந்து கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. இம்முறை நான் புகுந்தேன். அவன் ஆறு வயதில் சொன்னது சரிதான். செருப்புக்குள் கால் போனது போலத்தான் இருந்தது.

"வெளிச்சம் தெரியுதா அக்கா?"

"தெரியல."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"எழுதியே தரட்டுமா?"

மேலே அவன் சிரிப்பது மரத்தின் வழியாகக் கேட்டது. ஒன்பது நாளில் அதுதான் அவன் முதல் சிரிப்பு.

கணு முன்பக்கம் பார்த்து நின்றது. எனக்கு அது உறுத்தியது. "அதை உள்பக்கம் திருப்பியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"மலையில கிளை விட்டது தெக்குப் பக்கம். கோயில் பாக்கறதும் தெக்கு. எப்படி நின்னுச்சோ அப்படியே நிக்கட்டும்," என்றான்.

திருவிழா அன்று விளக்குகள் எல்லாம் தொங்கின. பூசாரி மந்திரம் சொல்லி முடித்தார். இவாகுரா ஐயா மணி அடித்து, இரண்டு தடவை கைதட்டிக் கும்பிட்டுவிட்டு, புதுத் தூணுக்குப் பக்கத்தில் வந்தார். கணுவை விரலால் தேய்த்துப் பார்த்தார். தூணின் பின்பக்கம் போய்க் குனிந்து, குருத்தின் கூர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் பார்த்தார். அப்புறம் ஊரே கேட்கும்படிக் கூப்பிட்டார்.

"டேய், கோழிக்கூண்டு!"

தமோட்சு போனான். "இனிமே அப்படிச் சொல்ல மாட்டேன்னீங்களே ஐயா?"

"அது அந்தத் தூணுக்குச் சொன்னது. இது வேற தூண்." கிண்ணத்தை அவன் கையில் திணித்து சாக்கே ஊற்றினார். "குடிச்சுட்டு அந்த இடது தூணோட அடியையும் கட்டைவிரலால அமுக்கிப் பாரு. பழசு இல்லையா. மழைக்கு முன்னாடி ஏறி வந்து என்ன பண்ணணுமோ பண்ணு."

அவன் குடித்தான். நான் விளக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பிள்ளைகள் இப்போது அந்தக் கணுவில் விரலை வைத்துவிட்டுத்தான் மணி அடிக்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. அது தேய்ந்து பளபளப்பாகிவிட்டது.

கழற்றி எடுத்த தூணை அவன் வீணாக்கவில்லை. மறு வசந்தத்தில் என் வீட்டுக் குளியலறையைப் புதிதாகக் கட்டித் தந்தான். மூலைத் தூண் அதுதான். கல்லுக்காகச் செதுக்கிய முனையை அறுத்துவிட்டு, வேர்ப் பக்கம் கீழே வரும்படி நிறுத்தினான். அதைக் கொண்டுவந்து இறக்கியபோது தாள் சுற்றியிருந்தது. ஒரு முனையில் காக்கைக்கால் எழுத்தில், தாளின் அகலம் முழுக்க, எழுதியிருந்தான்: 'அடி. அக்கா, கை வைக்காதே.'

கோயில் விட்டத்துக்காக வெட்டிய துளை இப்போது என் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. பலகை வைத்து அடைத்துத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முக்காலியில் உட்கார்ந்தால் கை எட்டும் இடம். சோப்பை அதில்தான் வைக்கிறேன்.